ஒரு கைப்பம்பின் அறிவிப்பாளர் வரிசை

2022ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய வாரம் அது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் போட்டுகள் எங்கள் ஊர்க் கரையில் மணலேறிக் கிடந்தன. என் மனைவியின் தம்பி கடல்தொழில் செய்பவர். இரண்டு நாள் வரிசையில் நின்று ஒரு கேன் எண்ணெய் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு பங்கை எங்கள் வீட்டு அடுப்புக்கென்று பிரித்துத் தருவதற்காக இருவரும் பின்வாசலில் குந்தியிருந்தோம். காசு கொடுத்தாலும் கிடைக்காத பொருளைக் கேனிலிருந்து போத்தலுக்குச் சரிப்பது சாமானியமான வேலையல்ல. அறுபதைக் கடந்த என் கை நடுங்கியது. சீமெந்துத் தரையில் சிந்திய எண்ணெயைப் பார்த்து மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமலிருந்ததுதான் எனக்கு உறைத்தது.

அந்நேரம் என் தங்கையின் மகன் உள்ளேயிருந்து ஒரு சாமானை எடுத்து வந்தான். யப்பானிலிருந்து பாவித்த வாகனங்களை அனுப்பும் தொழிலில் சில வருடங்கள் அங்கே இருந்துவிட்டு வந்தவன். நேரான ஒரு பிளாஸ்டிக் குழாய், வளைந்து கொடுக்கும் இன்னொரு குழாய், இரண்டும் சேருமிடத்தில் கைக்கடக்கமான ஒரு சிவப்புக் குமிழ், குமிழின் தலையில் ஒரு திருகுமூடி. இவ்வளவுதான் அந்தச் சாமான். நேர்க்குழாயைக் கேனுக்குள் இறக்கினான். வளைகுழாயை நிலத்தில் இருந்த போத்தலின் வாயில் வைத்தான். குமிழை மூன்று நான்கு தரம் பிழிந்து பிழிந்து விட்டான். பிறகு கையை எடுத்துவிட்டான். எண்ணெய் தன்பாட்டில் ஓடியது. போத்தல் கழுத்துமட்டம் நிறைந்ததும் மூடியைச் சற்றே தளர்த்தினான். உள்ளே காற்றுப் புகுந்தது, ஓட்டம் நின்றது. ஒரு சொட்டுக் கீழே விழவில்லை.

“மாமா, இத ஒரு யப்பான் பொடியன்தான் கண்டுபிடிச்ச. பதினாலு வயசுல. அவன்ட உம்மாக்காக” என்றான்.

“ஒன்ட யப்பானுக்கு எழுநூறு வருசத்துக்கு முந்தியே நம்மட அல்ஜஸரி பம்பு செஞ்சிட்டார்” என்றேன் நான். ஆசிரியத் தொழில் ஓய்வு பெற்றாலும் வாய் ஓய்வதில்லை.

மச்சான் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “அப்ப நம்மட போட்ல, எண்ணெய்க் குழாய்க்கு நடுவுல கிடக்கிற உருண்டை? அதையும் பிழிஞ்சு பிழிஞ்சுதானே எஞ்சினுக்கு எண்ணெய் ஏத்துற. அத ஆர் கண்டுபிடிச்ச?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பின்வாசலில் நான் சொல்லத் தவறிய பதில்தான்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 1978இல் மீலாத் விழாவையொட்டி நடந்த பேச்சுப் போட்டியொன்றில் நான் முதற்பரிசு பெற்றேன். இஸ்லாம் உலகுக்கு ஈந்த அறிவியல் என்ற பொருளில் பேச வேண்டும். எங்கள் வாப்பாவின் பலசரக்குக் கடையில் பீப்பாவிலிருந்து மண்ணெண்ணெய் இறைக்கும் கைப்பம்பு ஒன்று இருந்தது. “அந்தப் பம்பு தொட்டு ஆகாய விமானம் வரை அனைத்தும் நம் முன்னோரின் கொடையே, இறைப்பான்களின் தந்தை அல்ஜஸரியே” என்று முழங்கினேன். மண்டபம் அதிர்ந்தது. மேசை மணிக்கூடு ஒன்று பரிசாகக் கிடைத்தது. மணிக்கூடு இரண்டு வருடத்தில் நின்றுவிட்டது. அந்த வசனத்தை மட்டும் நான் நிறுத்தவில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக வகுப்பறையில் சொல்லிக்கொண்டேயிருந்தேன். வகுப்பில் அதைக் கேட்டவர்களில் ஒருவன்தான் இந்த மருமகன்.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் அவன் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னான். யப்பானில் வேலைத்தளத்தில் இதே பம்பைப் பார்த்தபோது, “இது எங்கள் ஆட்கள் செய்தது, 1206இல்” என்று அங்கிருந்த ஒருவரிடம் பெருமையாகச் சொன்னானாம். அவர் மறுத்துப் பேசவில்லை. கைத்தொலைபேசியில் அல்ஜஸரியின் நூலிலுள்ள படத்தைத் தேடியெடுத்து, அந்தச் சிவப்புக் குமிழுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினாராம். செப்பு உருளைகள், உலக்கைகள், பற்சில்லுகள், தண்ணீரில் சுழலும் ஒரு சில்லு. “ரெண்டுக்கும் என்ன மாமா சம்பந்தம்? நான் ஒண்டும் பேசல்ல” என்றான். என்னைக் குறை சொல்லும் தொனி அவன் குரலில் இல்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நம்மிடம் ஒரு கலை இருக்கிறது. ஒரு செய்தி வந்தால், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருக்கு அறிவித்தவர் யார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, நடுவில் கண்ணி அறுந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்பே வகுத்துத் தந்த முறை. மார்க்க விஷயத்தில் இத்தனை கறாராக இஸ்னாதைக் கேட்கும் நாம், “இதை நாம்தான் கண்டுபிடித்தோம்” என்று மேடையில் ஒருவர் சொன்னால் மட்டும் ஏன் கேட்பதில்லை? நான் அந்தப் பம்பின் அறிவிப்பாளர் வரிசையைத் தேடத் தொடங்கினேன்.

யப்பான் பொடியனிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பெயர் யோஷிரோ நகமட்சு, 1928இல் பிறந்தவர். யப்பானியச் சமையலறைகளில் சோயா சாறு 1.8 லீற்றர் கொள்ளும் பெரிய கண்ணாடிப் போத்தலில் இருக்கும். கடுங்குளிரில் அதைத் தூக்கிச் சிறு குப்பிக்கு ஊற்றத் தன் தாய் பட்ட பாட்டைக் கண்டு, 14 வயதில் இந்தப் பிழிபம்பைச் செய்ததாக அவரே பலமுறை கூறியிருக்கிறார். ‘ஷோயு சுருசுரு’ என்பது அவர் அதற்கு இட்ட பெயர். சோயா சாறு உறிஞ்சப்படும் சத்தத்தையே பெயராக்கியிருக்கிறார். யப்பானில் குளிர்காலத்தில் மண்ணெண்ணெய்க் கணப்புகளுக்கு எண்ணெய் மாற்ற இதே வகைப் பம்பு வீட்டுக்கு வீடு பாவிக்கப்பட்டது. இந்தக் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அறிவிப்பாளரைப் பற்றியும் விசாரிக்க வேண்டுமல்லவா? மூவாயிரத்துக்கு மேற்பட்ட கண்டுபிடிப்புகள் தன்னுடையவை என்று உரிமை கோருபவர் இவர். கணினியின் ஃப்ளொப்பித் தட்டும் தன்னுடையதே என்பார். 1971இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஐபிஎம் நிறுவனம். அவருடைய சில காப்புரிமைகளுக்குப் பின்னாளில் அனுமதி பெற்ற அந்நிறுவனம், ஃப்ளொப்பியைக் கண்டுபிடித்தவர் அவர் என்பதை ஏற்றதில்லை. தான் உண்ட ஒவ்வொரு வேளை உணவையும் 34 வருடங்களாகப் படம்பிடித்து ஆராய்ந்ததற்காக 2005இல் இக்நோபல் என்னும் வேடிக்கைப் பரிசும் பெற்றவர். ஹதீஸ் கலையின் பாஷையில், இவர் ஒருவர் மட்டும் அறிவிக்கும் செய்தியைத் துணைச்சான்றின்றி ஏற்பது சிரமம்.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. தாயின் நடுங்கும் கையைப் பார்த்த ஒரு பிள்ளை, முன்பு யாரோ கண்டதைத் தானாகவே மறுபடி கண்டிருக்கலாம். ஆனால் ‘முதலில்’ என்ற சொல்லை அவருக்குக் கொடுக்க முடியாது. ஏன் என்பதை மச்சானின் கேள்வி காட்டிக் கொடுத்தது.

அல்ஜஸரிக்கு வருவோம். தியார்பக்ர் என்று இன்று அறியப்படும் ஆமித் நகரில், அர்த்துகீ மன்னர் நாஸிருத்தீன் மஹ்மூதின் அவையில் இருந்த பொறியியலாளர் அவர். 1206இல் அவர் முடித்த நூலில் 50 சாதனங்களின் அமைப்பு, வேண்டிய உலோகம், வார்க்கும் விதம், பூட்டும் விதம் எல்லாம் படங்களோடு விளக்கப்பட்டுள்ளன. டொனால்ட் ஹில் என்பவர் 1974இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். நான் மேடையில் முழங்கியதற்கு நான்கு வருடம் முன்பே அந்நூல் ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது. நான் அதைப் படிக்காமல்தான் முழங்கினேன்.

அவருடைய பம்பு உண்மையிலேயே வியக்கத்தக்கது. எதிரெதிராகப் படுத்த இரண்டு செப்பு உருளைகள். ஒன்று உறிஞ்சும்போது மற்றது தள்ளும். ஒருவழி வால்வுகள் தண்ணீரைத் திரும்ப விடாது. அலெக்சாந்திரியாவின் தெசிபியஸ் கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் அமைத்த பம்பு தண்ணீருக்குள்ளேயே அமிழ்ந்திருந்து அதை மேலே தள்ளியது. அல்ஜஸரியின் பம்போ குழாய் வழியே கீழிருந்து உறிஞ்சி எடுத்தது. இந்தப் பெருமையை எவரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் அது ஆற்று நீரை மேட்டுக்கு ஏற்றும் பெரும் இயந்திரம். போத்தலுக்கும் அதற்கும் உறவில்லை. கையால் பிழிவதற்கு அதில் எதுவுமில்லை.

என்னை வெட்கப்பட வைத்தது இன்னொன்று. அல்ஜஸரி தன் நூலில் தனக்கு முன்னோரைக் குறிப்பிடுகிறார். நீர்க்கடிகாரத்தின் அடிப்படை ஆர்க்கிமிடிசிடமிருந்து வந்தது என்கிறார். நீரூற்றுகளைப் பற்றிப் பேசும்போது பனூ மூஸாவின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய அமைப்பில் தான் கண்ட குறையையும் சொல்கிறார். தன் அறிவுக்கு அவரே இஸ்னாத் தந்திருக்கிறார். அவர் பெயரைச் சொல்லிப் பேசிய நான்தான் எல்லாக் கண்ணிகளையும் அறுத்துவிட்டு ‘தந்தை’ ஆக்கினேன்.

பனூ மூஸா என்போர் 9ஆம் நூற்றாண்டுப் பக்தாதில் வாழ்ந்த முஹம்மத், அஹ்மத், ஹஸன் என்ற மூன்று சகோதரர்கள். அவர்களது கிதாபுல் ஹியலில் ஏறத்தாழ நூறு சாதனங்கள் உண்டு. பெரும்பாலானவை விருந்தினரை மலைக்க வைக்கும் மாயக் கூசாக்கள். ஒரே வாயிலிருந்து இருவகைப் பானம் வரும், ஊற்ற ஊற்ற நிறையாது, நிறுத்தினால் மறுபடி வராது. இவற்றின் உள்ளே இருப்பவை வளைகுழாய்களும் மிதவைகளும் கூம்பு வால்வுகளும். மருமகன் கையை எடுத்த பிறகும் எண்ணெய் ஓடியதே, அதற்குக் காரணம் இந்த வளைகுழாய்த் தத்துவந்தான். உயரத்திலுள்ள திரவம் ஒருமுறை குழாயை நிறைத்துவிட்டால், தாழ்ந்த இடத்துக்குத் தானே இறங்கிக்கொண்டிருக்கும். இதுவும் கிரேக்கரிடமிருந்து அவர்களுக்கு வந்ததே. ஆயினும் அதை அத்தனை நுட்பமாகக் கையாண்டவர் அவர்களுக்கு முன் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆக வால்வு இருந்தது, வளைகுழாய் இருந்தது. பிழிதல்?

அதுவும் இருந்தது. நான் தேடாத இடத்தில் இருந்தது. குர்துபாவுக்கு அருகே மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த மருத்துவர் அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவி, தன் அத்தஸ்ரீபின் முப்பதாம் பாகத்தில் சத்திரசிகிச்சைக் கருவிகளைப் படங்களோடு விபரிக்கிறார். 1000ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டது அது. சிறுநீர்ப்பைக்குள் மருந்து செலுத்துவதற்கு உலக்கையோடு கூடிய வெள்ளிப் பீச்சாங்குழலைச் சொல்லிவிட்டு, மாற்றாக ஓர் ஆட்டின் சலப்பையை எடுத்து அதில் மருந்தை நிரப்பிக் குழாயோடு கட்டிக் கையால் நசுக்கும் முறையையும் சொல்கிறார். கையால் பிழிந்து திரவத்தை வெளியேற்றும் கருவி! 1978இல் இது தெரிந்திருந்தால் இரண்டு மணிக்கூடு வாங்கியிருப்பேன்.

ஆனால் இங்கேதான் விஷயத்தின் உயிர்நாடி இருக்கிறது. ஆட்டுச் சலப்பையைப் பிழிந்தால் உள்ளேயிருப்பது வெளியே வரும். பிழிந்த கையை விட்டால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. சுருங்கிய பை சுருங்கியே கிடக்கும். மறுபடி ஊற்றி நிரப்ப வேண்டும். மருமகனின் சிவப்புக் குமிழோ, கையை விட்டதும் துள்ளி விரிந்து பழைய உருவத்துக்கு வந்தது. விரியும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. கீழ் வால்வு திறந்து எண்ணெய் ஏறுகிறது. அடுத்த பிழிவில் கீழ் வால்வு மூடிக்கொள்ள மேல் வால்வு வழியே வெளியேறுகிறது. நாம் பிழிவதால் பம்பு உறிஞ்சுவதில்லை. பிழிந்ததை மறந்து குமிழ் தன்னிலைக்கு மீளுகிறதே, அந்த மீட்சிதான் உறிஞ்சுகிறது. அப்படி மீளும் பொருள் பக்தாதில் இல்லை, குர்துபாவில் இல்லை, ஆமிதில் இல்லை. அந்த மரம் கடலுக்கு அப்பால் நின்றது.

மச்சானின் உருண்டைக்கு இப்போது பதில் சொல்லலாம். எஞ்சின் போட்டின் எண்ணெய்த் தாங்கிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயில் ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். எஞ்சின் பக்கம் காட்டும் அம்புக்குறி ஒன்று அதன்மேல் பதிக்கப்பட்டிருக்கும். இறுகும் வரை அதைப் பிழிந்துவிட்டுத்தான் கயிற்றை இழுப்பார்கள். குழாய்க்கு நடுவே குமிழ், குமிழின் இரு முனையிலும் ஒருவழி வால்வு. இதே அமைப்பை லிவர்பூல் நகரத்து சத்திரசிகிச்சை வைத்தியர் அல்பிரட் ஹிக்கின்சன் 1857இல் எழுதி வெளியிட்டார். அவர் அதன்மூலம் ஏற்றியது எண்ணெயையல்ல, மனித இரத்தத்தை. ஏழு பேருக்கு இரத்தம் ஏற்றிய விபரத்தோடு தான் அமைத்த கருவியையும் அதில் விளக்கினார். இரத்தத்தில் வகைகள் உண்டென்பதே 20ஆம் நூற்றாண்டு பிறக்கும்வரை எவருக்கும் தெரியாது. என்ன துணிச்சலில் ஏற்றினாரோ! ஹிக்கின்சன் சிரிஞ்ச் என்ற பெயரில் அக்கருவி பின்னர் குடல் கழுவுவதற்கென்று ஆஸ்பத்திரிகள் தோறும் பரவியது. யப்பான் சிறுவன் தன் தாய்க்குப் பம்பு செய்வதற்கு 85 வருடம் முந்தியது இது.

ஹிக்கின்சனுக்கு அந்தக் குமிழைத் தந்தது யார்? இறப்பர் வெய்யிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் நீங்கும் என்பதை 1839இல் அமெரிக்காவின் சார்ள்ஸ் குட்இயர் கண்டார். 1844இல் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் தோமஸ் ஹன்கொக்கும் பெற்றார். ஹன்கொக் தன் மாதிரித் துண்டுகளைப் பார்த்துத்தான் செய்தார் என்பது குட்இயர் தரப்பின் முறைப்பாடு. அங்கும் ‘நான்தான் முந்தி’ வழக்குத்தான். அந்தப் பதப்படுத்திய இறப்பர் வந்தபின் பிழிகுமிழ் எல்லா இடத்துக்கும் போயிற்று. ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் டொக்டர் அலன் டிவில்பிஸ் தொண்டைக்கு மருந்து தெளிக்கும் குமிழ்க் கருவி செய்து 1888இல் நிறுவனம் தொடங்கினார். அவர் மகன் 1907இல் அதையே வாசனைத் திரவியப் போத்தலின் தலையில் பூட்டினார். பழைய படங்களில் சீமாட்டிகள் பட்டுக்குஞ்சம் தொங்கும் குமிழை அமுக்கிக்கொள்வார்களே, அதுதான்.

இதற்கு மேல் வரிசையில் யாருமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். இறப்பர் மரத்தைப் பற்றி வாசிக்கும்போது போர்த்துக்கேயச் சொல்லொன்று என்னைத் தடுத்து நிறுத்தியது. பிரேஸிலில் இறப்பர் மரத்துக்கு ‘செரிங்கெய்ரா’ என்று பெயர். பால்வெட்டும் தொழிலாளி ‘செரிங்கெய்ரோ’. ‘செரிங்கா’ என்றால் என்ன? சிரிஞ்ச்! பீச்சாங்குழல் மரம், பீச்சாங்குழல்காரன். மரத்துக்கு ஏன் இப்படியொரு பெயர்?

பூமியின் வடிவத்தை அளப்பதற்காக 1735இல் தென்னமெரிக்காவுக்குப் போன பிரெஞ்சு விஞ்ஞானக் குழுவில் லா கொந்தமின் என்பவர் இருந்தார். 1743இல் அவர் அமேசன் நதி வழியே கடல்வரை இறங்கி வந்தார். 1745இல் பாரிஸில் தன் பயணத்தை விபரித்தார். ஓமாகுவா என்ற நதிக்கரை மக்கள் மரப்பாலிலிருந்து பேரிக்காய் வடிவத்தில் உள்ளீடற்ற குமிழ்கள் செய்கிறார்கள் என்றும், அதன் முனையில் சிறு துளையிட்டு ஒரு குழாயைப் பொருத்துகிறார்கள் என்றும், தண்ணீர் நிரப்பி அமுக்கினால் உலக்கையில்லாமலே அது பீச்சாங்குழலின் வேலையைச் செய்கிறது என்றும் அதில் சொல்கிறார். போர்த்துக்கேயர் அந்த மரத்துக்குச் சூட்டிய பெயர் இதிலிருந்தே வந்தது. மீளும் தன்மையுள்ள குமிழைக் கையால் பிழிந்து திரவம் பீச்சும் கருவி. இரண்டு வால்வுகளை மட்டும் சேர்த்தால் மச்சானின் உருண்டை. ஹிக்கின்சனுக்கு நூறு வருடத்துக்கு மேல் முந்தியது. குட்இயரின் கந்தகத்துக்கும் முந்தியது.

லா கொந்தமின் இன்னுமொரு செய்தி சொல்கிறார். விருந்துக்கு ஆட்கள் கூடினால், வீட்டுக்காரர் மரியாதைக்காக ஒவ்வொரு விருந்தாளிக்கும் இந்தக் குமிழ் ஒன்றைக் கொடுப்பாராம். சாப்பாட்டுக்கு முன் அதைப் பாவிப்பது அவர்களின் வழக்கமாம். இதை வாசித்தபோது என் மூத்தம்மாவின் பன்னீர்ச் செம்பு ஞாபகம் வந்தது. நீண்ட கழுத்தும் துளையிட்ட தலையுமாக, கலியாண வீட்டு வாசலில் வருபவர் மேலெல்லாம் உதறித் தெளிப்பார்கள். அதற்கும் நீண்டதொரு வரலாறு உண்டு. பன்னீர் வடிப்பதைப் பற்றி அல்கிந்தி எழுதியிருக்கிறார். கலீபா மஃமூனின் காலத்தில் பாரசீகம் ஆண்டுதோறும் 30,000 போத்தல் பன்னீரை வரியாகச் செலுத்தியது என்று இப்னு கல்தூன் பதிந்திருக்கிறார். நாம் விருந்தாளியின் மேனியில் தெளித்தோம், அவர்கள் விருந்தாளியின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அவர்கள் அதை எதற்குப் பாவித்தார்கள் என்பதைச் சபையில் விரித்துரைக்க வேண்டாம். ஹிக்கின்சன் சிரிஞ்சைக் கடைசியில் எதற்குப் பாவித்தார்கள் என்று சொல்லியிருக்கிறேன், புத்தியுள்ள வாசகர் விளங்கிக்கொள்வார்.

அறிவிப்பாளர் வரிசை இங்கே முடிகிறது. முதற் கண்ணியில் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் மட்டும் இருக்கிறது, ஆளின் பெயர் இல்லை. எந்தத் தாய்க்காக எந்தப் பிள்ளை செய்தது என்று சொல்ல அங்கே எவருமில்லை. காப்புரிமை எழுதுபவரும் இல்லை. பெயருக்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தது வேறொன்று. இறப்பருக்கு உலகச் சந்தையில் விலை ஏறியபோது, அதே அமேசன் படுகையில் புடுமாயோ ஆற்றங்கரையில், லண்டனில் பதிவுசெய்யப்பட்ட ஒரு கம்பனி ஹுவிட்டோட்டோ, போரா முதலான பழங்குடியினரை அடித்தும் பட்டினி போட்டும் கொன்றும் பால் சேர்த்தது. ரொஜர் கேஸ்மென்ட் 1910இல் நேரில் போய் விசாரித்தார். 1912இல் அவரது அறிக்கை வெளியானது. அந்த அறிக்கையின் விபரங்களை இரவில் வாசிக்க வேண்டாம் என்பது என் அனுபவம்.

நம் நாடும் இந்த வரிசையில் வருகிறது. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேஸிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் ஏறத்தாழ 1,900 நாற்றுகள் அதே வருடம் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடயில் அவற்றை நட்டார்கள். 1881இல் அங்கே முதற்பூ பூத்தது. பிறகு களுத்துறை, கேகாலைக் குன்றுகளெல்லாம் இறப்பர். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் விடியற்காலையில் வெட்டிய பால். 1952இல் சீனாவோடு செய்த இறப்பர்-அரிசி உடன்படிக்கையால் நம் வீடுகளில் சோறு வெந்தது. இந்த உடன்படிக்கையைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்த மரத்தின் பெயர் ‘பீச்சாங்குழல் மரம்’ என்று ஒரு மாணவருக்கும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

தமிழில் ‘கண்டுபிடித்தல்’ என்கிறோம். காண்பது ஒன்று, பிடிப்பது இன்னொன்று. வால்வைக் கண்டவர்கள், வளைகுழாயைப் பிடித்தவர்கள், சலப்பையைப் பிழிந்தவர், பால் உறைந்து மீளுவதைப் பார்த்தவர்கள், கந்தகத்தைச் சேர்த்தவர், எல்லாரையும் கழித்துவிட்டு ஒருவரை மட்டும் நிறுத்தினால் மேடைக்கு நன்றாயிருக்கும். அல்ஜஸரியை அப்படி நிறுத்தியதால் அவருக்கு நான் பெருமை சேர்க்கவில்லை. அவர் உண்மையில் செய்ததை மறைத்தேன். அஸ்ஸஹ்ராவியின் ஆட்டுச் சலப்பையையும் கூடவே மறைத்தேன். அவர்கள் செய்யாததை நாம் அவர்கள் பெயரில் சொல்லும்போது, செய்ததையும் பிறர் நம்ப மறுக்கிறார்கள். என் மருமகன் அந்தத் தொலைபேசிப் படத்தின் முன் வாயடைத்து நின்றானே, அந்த நிற்பைத்தான் நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

சென்ற மீலாதுக்கு என் பேத்தி பேச்சுப் போட்டிக்குப் போனாள். பேச்சை நான்தான் எழுதிக் கொடுத்தேன். பனூ மூஸா, அஸ்ஸஹ்ராவி, அல்ஜஸரி, மூவரும் செய்தது எது, செய்யாதது எது, கடைசியில் ஓமாகுவா. ஆறுதல் பரிசு கிடைத்தது. “பிள்ளை நல்லாப் பேசினா, ஆனா தலைப்ப விட்டு அமேசனுக்குப் போயிட்டா” என்று நடுவரொருவர் சொன்னாராம். பேத்திக்கு அதில் கவலையில்லை. அந்தப் பேரிக்காய்க் குமிழைக் கொப்பியில் நாலைந்து விதமாக வரைந்து வைத்திருக்கிறாள்.

மச்சானுக்கும் முழுக் கதையையும் சொன்னேன். வலை பொத்திக்கொண்டே கேட்டார். சில மாதங்களுக்குப் பின் அவருடைய போட்டின் உருண்டை வெடித்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கப் போன கடையில், “யப்பான் சாமானா, சைனா சாமானா, எது வேணும்?” என்று கேட்டார்களாம்.

“ஓமாகுவா இருந்தாத் தாங்க” என்றிருக்கிறார் மச்சான்.

கடைக்காரர் தட்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தப் பிராண்ட் இன்னும் வரவில்லை என்று சொன்னாராம்.